ரோதை முனிக்கு ஊர் எது?

கடவுளரைக் கற்பித்துக்கொள்வது எளிது. அக்கடவுளருக்கு அடியவரைத் தேடித் தருவதே அரிது. இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியவர்கள் நம்மிடம் பயிலும் மாணவர்களே.

நமுனுகுல மலைச்சாரலிலுள்ள தோட்டங்களிலிருந்து வரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஓய்வு வேளைகளில் ஒரு விளையாட்டில் ஈடுபட்டிருந்தனர். ஒவ்வொருவரும் கற்பனை நாடொன்றின் மாந்தராக, வீரனாகவோ வைத்தியனாகவோ கள்வனாகவோ தம்மைப் பாவித்துக்கொள்வர். ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் தத்தம் பாத்திரம் செய்வதை உரைத்து, பகடையை உருட்டிப் பலனறிந்து முன்செல்வர். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் பெயரோடு வெளியான விளையாட்டின் வழிவந்தது இது. நம் மாணவர்கள் தமக்கென ஒரு நாட்டையே புனைந்திருந்தனர். அதற்கு வரைபடம் உண்டு. ஆறுகளுக்குப் பெயர் உண்டு. அரச பரம்பரையும் உண்டு. மதத்தையும் அவர்கள் மறந்துவிடவில்லை. அப்பியாசக் கொப்பியின் நடுப்பக்கத்திலே பன்னிரண்டு கடவுளர் அட்டவணையாக நின்றனர். தீக்கு ஒருவர், புயலுக்கு ஒருவர், போருக்கு ஒருவர், சாவுக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆயுதம். ஆற்றலைக் குறிக்க ஓர் எண்.

கொப்பியைத் தந்து நமது கருத்தைக் கேட்டனர். நாம் சில வினாக்களையே திருப்பிக் கேட்டோம். இக்கடவுளரைக் கும்பிடுவோர் யார்? எப்போது கும்பிடுகின்றனர்? படையல் என்ன? அதற்குக் காசு கொடுப்பவர் யார்? பூசையில் முதல் மரியாதை யாருக்கு? எல்லைக்கு அப்பால் நிறுத்தப்படுபவர் யார்? மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். சிறிது நேரங் கழித்து ஒரு மாணவி தயக்கத்தோடு சொன்னாள்: "எங்க ஸ்டோருல ரோதை முனி இருக்கு சேர். அதுக்கு இதெல்லாம் இருக்கு."

அந்த ஒரு சொல்லின் பொருளை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரோதை என்பது சக்கரம். போர்த்துக்கேய மொழியிலே சக்கரத்தைக் குறிக்கும் 'ரோடா' என்னும் சொல்லின் வழிவந்தது அது. சிங்களத்திலும் 'ரோதய' என வழங்குகிறது. முனியோ தமிழ்நாட்டுக் கிராமங்களின் எல்லையிலே மரத்தடியில் நின்று காவல்புரியும் முனியாண்டி. தேயிலை ஆலையை இயக்கிய சக்கரத்துக்கு அருகே அந்த முனியைக் குடியேற்றி, 'ரோதை முனி' எனப் பெயரிட்டுப் பூசை செய்தவர்கள் மலையகத் தொழிலாளர்கள். போர்த்துக்கேயச் சொல், தமிழ்க் கிராமத் தெய்வம், ஆங்கிலேயனின் இயந்திரம், இலங்கை மண் ஆகிய நான்கும் கூடிப் பிறந்த கடவுள் இவர். எந்த ஆகமத்திலும் இவர் பெயர் இல்லை. எந்தப் புராணமும் இவர் பிறப்பைக் கூறவில்லை. ஆயினும் மாணவர்களின் கொப்பியிலுள்ள பன்னிருவரும் பெற முடியாத ஒன்றை இவர் பெற்றிருக்கிறார்: நம்புவதற்கு மக்கள்.

அம்மக்கள் வந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்வது அவசியம். 1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடுமையாக அடக்கினர். 1840இன் தரிசு நிலச் சட்டம், உறுதி காட்ட முடியாத நிலங்களை முடிக்குரியனவாக்கிற்று. அந்நிலங்கள் தோட்டக்காரர் கைக்குச் சென்றன. காடு அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியைச் சிதைத்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலான பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் அவ்வழியில் மாண்டோர் பலர். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இலேதான். புகையிரதப் பாதை வருமுன் ஊவாவின் மலைகளுக்கு வந்தோர் கால்களை நம்பியே வந்தனர்.

அவர்கள் தலைச்சுமையிலே வேதநூல் இல்லை. கோயிற் குருக்கள் உடன் வரவில்லை. தேர் வரவில்லை, திருக்குளம் வரவில்லை. வந்தவை நினைவுகள் மட்டுமே. ஒரு தெய்வத்தை வேறோர் ஊரில் நிலைநிறுத்த வேண்டுமாயின் பழைய இடத்திலிருந்து பிடிமண் கொண்டு செல்வது தமிழ்க் கிராம வழக்கம். கல்லொன்று, சூலமொன்று, மஞ்சள் துணியொன்று, மரத்தடி ஒன்று; இவை போதும். கூலியாக வந்தவனுக்குக் கைகூடக்கூடிய கோயில் அதுவே. மாரியம்மன், முனியாண்டி, மாடசாமி, கருப்பன், மதுரை வீரன் என்போர் இவ்வாறே மலையேறினர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். புறப்பட்டுவந்த கடவுளர் எல்லோரும் புதிய மண்ணில் ஒரே அளவாக வேரூன்றவில்லை. எவருக்கு அங்கே வேலை இருந்ததோ அவரே நிலைத்தார். மாரியம்மனை எடுத்துக்கொள்வோம். மழைக்கும் அம்மை நோய்க்கும் உரியவள் அவள். நெரிசலான லயங்களில் ஒரு வீட்டிற் புகுந்த நோய் பத்து வீடுகளைத் தொட்டுச் சென்ற காலத்தில், அவளைவிட நெருங்கிய தெய்வம் வேறெது? பெரியம்மை உலகினின்றும் ஒழிக்கப்பட்டுவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. மாரியம்மனின் பழந்தொழில் போயிற்று. அவள் போகவில்லை. அதற்குள் அவள் தோட்டத்துக்கே தாயாகிவிட்டாள். திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் நேர்த்தி வைக்கப்படுபவளாகிவிட்டாள். மதம் உயிரோடிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அட்டவணைக் கடவுளுக்குத் தொழில் மாறாது. மக்களின் கடவுளுக்கு மாறும்.

உழைப்பின் முறை மாறியபோது தெய்வங்களின் பெயரும் மாறிற்று. தேயிலைச் செடியை ஓங்கி வளரவிடாது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கத்தியால் வெட்டிக் குறுக்கும் வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். கொழுந்து நிறைந்த மலை வெறுங் குச்சியாக நிற்கும். மீண்டும் தளிர்க்குமோ என்னும் ஐயம் வெட்டியவனுக்கே தோன்றும். கூரிய கத்தி, சரிவான நிலம், ஒரு கணம் தவறினால் கையோ காலோ போகும். அந்த ஐயத்துக்கும் அச்சத்துக்கும் இடையிலே பிறந்தவர் கவ்வாத்துச் சாமி. நெல் வயலை மட்டுமே அறிந்திருந்த முன்னோருக்கு இப்படியொரு சாமி தேவைப்பட்டதில்லை.

கொழுந்து பறிக்கத் தொடங்கும்போது பெண்கள் 'பொலி, பொலி' என்று சொல்லி முதற் கொழுந்தைக் கூடையிலிடும் வழக்கமும் இத்தகையதே. பொலி என்பது களத்து மேட்டிலே நெல்லை அளக்கும் உழவரின் மங்கலச் சொல். விளைவு பெருகுக என்பது அதன் கருத்து. நெல் இல்லாத மலையிலே, விளைவில் ஒரு பிடியும் தனக்கில்லாத பெண், அச்சொல்லை மறவாது சொன்னாள். களம் போயிற்று, நிலம் போயிற்று, சொல் மட்டும் கூடவே வந்தது. பெருகிய கொழுந்தின் இலாபம் இலண்டனுக்குச் சென்றது என்பது வேறு கதை. ஆயினும் தான் தொட்ட வேலை சிறக்க வேண்டுமென்று வாழ்த்திய அந்த மனத்தை நாம் ஏளனஞ் செய்ய முடியாது.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய புதுமை என்று நினைத்தல் வேண்டா. மேற்காபிரிக்காவின் யொரூபா மக்களிடையே ஓகூன் என்றொரு தெய்வம் உண்டு. இரும்புக்கும் கொல்லருக்கும் வேட்டைக்கும் போருக்கும் உரியவர் அவர். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு அவரும் கடல் கடந்து கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் எயிட்டிக்கும் போனார். நைஜீரியாவிலோ, மோட்டார் வாகனங்கள் வந்தபின் சாரதிகளும் இயந்திரத் தொழிலாளரும் அவரையே தம் காவலராகக் கொண்டனர். இரும்பு எங்கே மனிதனை வெட்டுகிறதோ அங்கே ஓகூனுக்கு வேலையுண்டு. சக்கரம் எங்கே கையைப் பற்றியிழுக்குமோ என்ற அச்சம் இருக்கிறதோ அங்கே ரோதை முனிக்கும் வேலையுண்டு. இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இவர்களைப் படைத்த கைகள் ஒரே வகையானவை.

இனி, மதத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உழைப்பாளர் படைத்த தெய்வம் என்பதனால் அது எப்போதும் உழைப்பாளர் பக்கமே நின்றதென்று கொள்வது வரலாறாகாது. தோட்டத்துத் திருவிழாவின் ஒழுங்கை நோக்குக. நாளைக் குறிக்கத் துரையின் அனுமதி வேண்டும். செலவுக்கான பணம் சம்பளத்திலே பிடிக்கப்படும். துரை வந்தால் மாலையும் மேளமும் உண்டு. முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு. அவருக்குப் பின் யார், அவருக்கும் பின் யார் என்பது சாதியாலும் பதவியாலும் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. சாமியை எழுப்பத் தப்படித்தவன் சாமியின் முன்னே கடைசியில் நின்றான். விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஆளைக் கூப்பிட்டதும் அதே தப்பு என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். காலையில் வேலைக்கும் இரவில் பூசைக்கும் ஒரே கருவி முழங்கியது. வேலைத்தலத்தின் ஏணிப்படிகள் கோயில் முற்றத்திலும் அப்படியே சாத்தப்பட்டிருந்தன.

மாணவர்களிடம் நாம் கேட்ட வினாக்களுக்குக் காரணம் இதுவே. மதமொன்று உண்மை போலத் தோன்றுவது அதன் கடவுளரின் ஆற்றலால் அன்று. அம்மக்களின் பசி, அச்சம், கூலி, சாதி, கடன் யாவும் அதிலே தென்படுவதனால்தான். ஆறுதலும் அடக்குமுறையும் ஒரே முற்றத்தில் நிற்கும். ஒன்றை மட்டும் காட்டுபவன் ஒன்று துதிபாடகன், அல்லது வசைபாடுபவன்.

அதே முற்றத்துக்கு வெளியே, லயங்களுக்கு நடுவில், காமன் பொட்டல் என்றோர் இடம் உண்டு. மாசி மாதத்தில் அங்கே காமன் நடப்பட்டுக் கூத்து நிகழும். தேவர்களின் ஏவலால் மன்மதன் சிவனது தவத்தைக் கலைக்கச் செல்கிறான், நெற்றிக் கண்ணால் எரிகிறான், இரதி புலம்புகிறாள், ஈற்றில் அவன் உயிர் பெறுகிறான். பகலெல்லாம் கவ்வாத்து வெட்டியவன் இரவிலே மன்மதனாவான். மடுவத்திலே கொழுந்து நிறுத்தவன் எமனாக வருவான். நேர்த்தி வைத்து வேடம் பூண்பவர்களும் உண்டு. பாத்திரத்தைத் தானேயாக ஏற்று ஆடும் விளையாட்டு அமெரிக்காவிலிருந்துதான் வரவேண்டும் என்றிருந்த நம் மாணவர்களுக்கு, அவர்களுடைய பாட்டன்மார் அதனைப் பொட்டலிலேயே ஆடினர் என்பதைச் சொன்னபோது வியந்தனர். பகடை மட்டுந்தான் அங்கே இல்லை.

பழைய புராணக் கதைதானே, இதில் மலையகத்துக்கு உரியது என்ன என்று சிலர் கேட்கலாம். கதை பழையது, கேட்பவன் புதியவன். மன்மதன் தன் விருப்பத்தால் போகவில்லை. மேலிடத்து ஏவலை நிறைவேற்றப் போனான். ஏவியவர்கள் பிழைத்தனர், ஏவல் செய்தவன் எரிந்தான். அவன் மனைவி தெருவில் நின்று நீதி கேட்டாள். துரையின் ஏவலுக்கும் கங்காணியின் ஏவலுக்கும் மலையேறி, ஆற்றிலும் அட்டைக்காட்டிலும் காய்ச்சலிலும் மாண்டவர்களின் வழித்தோன்றல்கள், இரதியின் ஒப்பாரியிலே யாருடைய குரலைக் கேட்டிருப்பர்? விடியும்வரை அவர்கள் கண்ணீரோடு அமர்ந்திருந்தது வெறும் பக்தியால் மட்டுமன்று என்பது நமது கருத்து. மன்மதன் மீள உயிர்பெறும் காட்சியையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

புதிய மண்ணில் ஏற்கெனவே இருந்த தெய்வங்களோடும் இம்மக்கள் உறவுகொண்டனர். ஊவாவிலேயே கதிர்காமம் உள்ளது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், வேடர் ஆகிய யாவரும் தத்தம் உரிமையோடு செல்லும் தலம் அது. முருகன் அங்கே வேடர்குலப் பெண்ணை மணந்தவனாகப் போற்றப்படுகிறான். வந்தவன் இம்மண்ணின் மகளை மணந்து இம்மண்ணுக்கே உரியவனானான் என்னும் கதையிலே, தோட்டத் தொழிலாளி தனக்கும் ஓர் இடத்தைக் கண்டிருப்பான் என எண்ண இடமுண்டு. மலையுச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சிவனுடையதென்றும் புத்தருடையதென்றும் ஆதாமுடையதென்றும் கூறிக்கொண்டு, ஒரே படிகளில் ஏறும் நாடு இது. கற்பனை நாடுகளில் ஒரு மதத்தார் இன்னொரு மதத்தாரோடு போர் மட்டுமே செய்வர். மெய்யான நாட்டில் அவர்கள் ஒரே மலையில் ஏறவும் செய்வர். அடுத்த நாள் சண்டையும் இடுவர்.

இப்போது நமது தலைப்புக்கு வருவோம்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளர் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்தவனாயிருப்பது மட்டும் போதாது என்றது அச்சட்டம். தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சான்று எங்கே என்று கேட்டது. லயத்திலே பிறந்து பதிவேட்டில் ஏறாதுபோன தலைமுறைகளிடம் காகிதம் எங்கிருந்து வரும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்கிட்டது. அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியவர்களுள் ஒரு பகுதியினர், நீலகிரியிலே தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டரசு 1968 முதல் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடை சுமந்தனர்.

வந்தேறிகள், நேற்று வந்தவர்கள், இந்தியாவின் மக்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டது. அப்படியாயின் ரோதை முனியை எங்கே அனுப்புவது? மதுரை வீரனை அனுப்ப மதுரை உண்டு. ரோதை முனிக்கு மதுரையிலே வீடில்லை. திருச்சியிலே உறவினர் இல்லை. அவர் தந்தையும் பாட்டனும் இந்த மலைத் தோட்டங்களே. கவ்வாத்துச் சாமிக்கும் அவ்வாறே. ஒரு மண்ணிலே பிறந்த தெய்வத்தைப் பெற்றவர்கள் அம்மண்ணுக்கு அயலாராக இருத்தல் கூடுமோ? கச்சேரியில் காட்டக் காகிதம் இல்லாதிருக்கலாம். ஆலையோரத்துச் சூலமும், மலையுச்சிக் கல்லும், கூடையோரத்துப் 'பொலி'யும் மூன்று தலைமுறைக்கும் மேலாக அவர்கள் எழுதிவைத்த உறுதிகள் அல்லவா?

2003இல் நிறைவேறிய சட்டம் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. 2023இல், இருநூறு ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடைபயணம் சென்றனர். முன்னோர் நடந்த வழியை நினைவிலே மீட்டெடுத்த நிகழ்ச்சி அது. ஆனால் வழியை மீட்பது போலவே, வழியின் முடிவில் அவர்கள் கட்டிய உலகத்தையும் மீட்க வேண்டும். இன்று தோட்டந்தோறும் கோபுரம் எழுகிறது, குடமுழுக்கு நடக்கிறது. அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. ஆயினும் கோபுரம் எழுந்த இடத்திலே பழைய கல்லும் சூலமும் 'அநாகரிகம்' என ஒதுக்கப்படுவது நல்லதன்று. சக்கரம் ஓய்ந்த ஆலைகளில் ரோதை முனியின் பெயரைச் சொல்வாரும் குறைந்து வருகின்றனர். படித்த நம்முள்ளும் சிலர் அப்பெயரைச் சொல்லக் கூசுகிறோம். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொழிலாளரின் பாடல்களைத் தொகுத்துத் தந்திராவிடில் அவையும் போயிருக்கும். தெய்வங்களைத் தொகுக்கும் பணி இன்னும் பெரும்பாலும் நம் முன்னே கிடக்கிறது.

நம்மை நம்பிக்கையாளர் என்று யாரும் எண்ண வேண்டா. சேவலின் இரத்தம் இயந்திரத்தைத் தடுத்து நிறுத்தும் என்று நாம் கருதவில்லை. இயந்திரத்துக்குக் காப்புவேலி வேண்டும். விபத்துக்கு நட்டஈடு வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறத் தொழிற்சங்கம் வேண்டும். வேலியும் நட்டஈடும் இல்லாத காலத்தில் ஒரு மனிதன் தன் கையைக் காத்துக்கொள்ள வேறு வழியின்றி யாரை அழைத்தான் என்பதை அறிவது வரலாற்று மாணவனின் கடமை. அந்த அழைப்பிலே அச்சம் மட்டும் இல்லை. தன் உயிருக்கு விலை உண்டு என்ற உணர்வும் இருந்தது. செக்ரோலிலே அரைப்பேராக எழுதப்பட்டவனை முழு மனிதனாகக் கண்டது அந்தத் தெய்வம் ஒன்றே.

சில வாரங்களின் பின் மாணவர்கள் கொப்பியை மீண்டும் கொண்டுவந்தனர். பன்னிருவரில் மூவரே எஞ்சியிருந்தனர். ஆனால் ஒவ்வொருவர் பெயரின் கீழும் இரண்டு பக்கங்கள் நிறைந்திருந்தன. நீர்ச்சக்கரத்தைக் காக்கும் ஒரு தெய்வம். அதற்கு ஆலையிலே விரல் இழந்தவர்களே பூசை செய்வர். ஆலை முதலாளி திருவிழாவுக்குப் பணந் தருவான், ஆனால் பிரசாதத்தை உண்ண அஞ்சுவான் என்று எழுதியிருந்தனர். தாம் புனைந்ததை இப்போது அவர்களே நம்பத் தொடங்கியிருந்தனர்.

நாம் அவர்களுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறோம். விடுமுறையிலே தத்தம் தோட்டத்துக்குச் சென்று, மலைமேல் நிற்கும் கல்லை நட்டவர் யார், எந்த ஆண்டு, எந்த இடருக்குப் பின் என்று பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவர வேண்டும். கற்பனை நாட்டின் வரலாற்றை எழுதத் தெரிந்தவர்கள் தம் நாட்டின் வரலாற்றையும் எழுதட்டும். பாட்டிமார் இருக்கும்போதே கேட்க வேண்டும்.